பதினேழாவது குவளை

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை என்றால் சங்கக் கட்டடத்துச் சமையலறை அவள் பொறுப்பு. காலை ஏழு மணிக்கே வந்து ஹாலைப் பார்த்த ஜன்னலைத் திறந்துவிடுவாள். பாய்லரில் தண்ணீர் ஊற்றி, அது முனக ஆரம்பிப்பதற்குள் அலமாரியிலிருந்து எனாமல் குவளைகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கழுவுவாள். எல்லாம் ஒரே அளவு. வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, வயிற்றில் சிவப்புப் பெயிண்டில் ஒரு எண்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரிலிருந்து போருக்குப் போய்த் திரும்பிவந்த நாற்பத்திரண்டு பேர் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் அது. ஆளுக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு குவளை. இப்போது உயிரோடு இருப்பவர்கள் ஒன்பது பேர். அவர்களுடைய குவளைகள் வாய் திறந்து நிற்கும். செத்தவர்களுடையவை கவிழ்ந்திருக்கும். கவிழ்ந்ததையும் மாதாமாதம் கழுவித்தான் ஆகவேண்டும், அது சங்கத்து வழக்கம். ஒன்பதாவது இடமும் முப்பத்தொன்றாவது இடமும் மட்டும் வெறும் பலகை. தன் கையாலேயே உயிரை விட்டவனுக்குச் சங்கத்தில் இடமில்லை. குவளையை எடுத்துவிடுவார்கள், அவன் எண்ணை மறுபடி கூப்பிட மாட்டார்கள். திரும்பிவந்த முதல் வருஷத்திலேயே இரண்டு பேர் அப்படிப் போனதும் பயந்துபோய் எழுதிய சட்டம்.

பதினேழு அவள் புருஷனுடையது. அது கவிழவும் இல்லை, காணாமல் போகவும் இல்லை. அவர்தான் காணாமல் போனார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில், அவள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, பூட்ஸை மாட்டிக்கொண்டு "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். தெருமுனை திரும்பும்போது விசிலடிப்பது அவர் பழக்கம். சங்கத்தில் அவர் பெயரே விசில்தான். அன்றைக்கு விசில் கேட்டதா இல்லையா என்று அவளால் இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பத்து மணிக்குச் செயலாளர் ஹாலில் பதிவேட்டைத் திறந்தார். போஸ்ட் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவர். ஒவ்வொரு எண்ணையும் முத்திரை விழுகிற மாதிரியே உச்சரிப்பார்.

"பதினஞ்சு."

"இருக்கேன்."

"பதினாறு."

பதினாறு செத்து ஆறு வருஷம். பக்கத்து எண்காரர் பதினைந்துதான் அவருக்காகச் சொன்னார். "இங்கதான்."

செத்தவர்களுக்கான பதில் அது. இங்கேதான் இருக்கிறான், எங்கேயும் போய்விடவில்லை என்று அர்த்தம்.

"பதினேழு."

அவள் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒற்றைக்காது தொண்டையைச் செருமினார். பதினெட்டாம் எண்காரர். குண்டு வெடித்து இடது காது செவிடானவர். அவரும் விசிலும் போரில் ஒரே பதுங்குகுழியில் ஏழு மாதம் கிடந்தவர்கள்.

"வருவான்" என்றார்.

சங்கத்துச் சட்டத்தில் அப்படி ஒரு பதிலே கிடையாது. காணாமல் போனவனுக்கு என்ன சொல்வது என்று எவரும் எழுதிவைக்கவில்லை. முதல் மாதம் ஒற்றைக்காதின் வாயில் வந்தது அப்படியே நிலைத்துவிட்டது. அவளுக்கு அந்த ஒரு சொல் போதும். அடுத்த முதல் ஞாயிறு வரை அதை வைத்து ஓட்டிவிடுவாள்.

பதினெட்டு, "இருக்கேன்." பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று மூன்று பேருமே செத்துவிட்டதால் மூன்றுக்கும் ஒற்றைக்காதுதான் "இங்கதான்." இருபதாம் எண், செயலாளரின் சொந்த அண்ணன். அந்த இடத்தில் மட்டும் முத்திரை கொஞ்சம் மெதுவாக விழும்.

டீத் தட்டோடு அவள் உள்ளே போனாள். ஒன்பது குவளைகளோடு பதினேழிலும் டீ ஊற்றியிருந்தாள், சர்க்கரை போடாமல். அவருக்குச் சர்க்கரை ஆகாது. மாதாமாதம் அந்தக் குவளையும் காலியாகத்தான் திரும்பி வரும். யாராவது வாஷ்பேசினில் கொட்டிவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்வாள். கேட்டதில்லை.

அன்றைக்கு நினைவுக்கல் விஷயம் பேசினார்கள். நகராட்சி, சங்கத்துக்காகக் கடைத்தெரு முக்கில் கல் வைக்க ஒப்புக்கொண்டிருந்தது.

"கறுப்புக் கல்லுதான். நம்ம பழைய குவாரியிலேயே அடித்தட்டுல இருக்காம்" என்றார் செயலாளர். "தண்ணியை எறைச்சிட்டா அறுத்துக் குடுத்துடறேன்னு குவாரிக்காரன் சொல்லிட்டான்."

"அந்தக் குவாரி வேணாம்" என்றார் ஒற்றைக்காது.

"ஏன்யா?"

"கல்லு சரியில்ல. விரிசல் விடும்."

"இருபது வருஷம் அங்க வாட்ச்மேனா இருந்தா கல்லைப் பத்தி எல்லாம் தெரிஞ்சிடுமா? நான் கூடத்தான் முப்பது வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல இருந்தேன். எந்தக் காதல் கடுதாசியும் எனக்கு வரல."

எல்லோரும் சிரித்தார்கள். ஒற்றைக்காது சிரிக்கவில்லை. "வேற ஊர்லேர்ந்து வாங்கலாம்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, செவிட்டுக் காதைச் செயலாளர் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார்.

கூட்டம் முடிந்ததும் செயலாளர் சமையலறைக்கே வந்து ஒரு தாளை நீட்டினார்.

"அம்மா, கல்லுல எண் வரிசையா பேரு வெட்டறோம். செத்தவங்களுக்குப் பேரும் வருஷமும். இருக்கறவங்களுக்குப் பேரு மட்டும், வருஷத்துக்கு இடம் விட்டுடுவோம். விசிலுக்கு வருஷம் வெட்டறதா, இடம் விடறதான்னு எனக்குத் தெரியல. நீங்க இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா, அதையும் சேத்து வெட்டிடலாம்."

"எதை?"

அவர் தாளை உப்பு டப்பாவின் கீழே செருகிவிட்டுப் போனார்.

* 

தாள் வீட்டு மேசையிலும் ஓர் உப்பு டப்பாவின் கீழே ஒரு வாரம் கிடந்தது. மகள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். போர்வை மடித்து மடித்து எதைக் கையில் எடுத்தாலும் நான்காக மடிப்பாள். அந்தத் தாளையும் மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாத வயிறு மேசை விளிம்பில் இடித்தது.

"போட்டுத் தொலையேன்மா. ஒரு கையெழுத்துதானே."

"நீ சூப்பைக் குடி. ஆறுது."

"மாசக் கடைசியில நாங்க கெளம்பிடுவோம். துறைமுகத்துல அவருக்கு வேலை உறுதியாயிடுச்சு. ரெண்டு ரூம் வீடு. ஒண்ணு உனக்குன்னுதான் பாத்து வெச்சிருக்கோம்."

"போயிட்டு வாங்க. எனக்கு இங்க என்ன குறைச்சல்?"

"எனக்குப் பிரசவம் பாக்க யாரு வருவா? பக்கத்து வீட்டுக்காரியா?"

அவள் ரொட்டியைப் பிட்டு மகளின் தட்டில் வைத்தாள். வெளியே மூன்றாவது நாளாகத் தூறல். வாசல் கதவு காற்றில் லேசாக அசைந்தது. அதற்குப் பூட்டு உண்டு, சாவியும் உண்டு. பதினோரு வருஷமாக இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.

"ராத்திரியில கூட தாழ் போடாம தூங்கற" என்றாள் மகள். "இத்தனை வருஷத்துல ஒரு திருடன்கூட எட்டிப் பாக்கல. அதுக்காவது உனக்கு வெக்கமா இல்லையா?"

"பூட்டியிருந்தா உங்கப்பா தட்ட மாட்டாருடி. மத்தவங்க மாதிரி இல்ல. கதவு சாத்தியிருந்தா, சரி, வேணாம்போலன்னு நெனைச்சு அப்படியே திரும்பிடுவாரு. எனக்குத் தெரியாதா அவரை?"

"அவர் வரமாட்டாரும்மா."

"ஒற்றைக்காது அண்ணன் வருவாருன்னு சொல்றாரே."

"அவருக்கு என்ன தெரியும்?"

"ஏழு மாசம் ஒரே குழியில படுத்தவருக்குத் தெரியாதது, பதிமூணு வயசுல கடைசியா அப்பாவைப் பாத்த உனக்குத் தெரியுமா?"

மகள் சூப்பைக் குடிக்கவில்லை. "உனக்கு அவர் வர்றதவிட, வருவாருன்னு ஒருத்தர் சொல்றதுதான் வேணும்" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தாளை நான்காக மடித்து உப்பு டப்பாவுக்குக் கீழேயே வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

*

குவாரியில் பம்பு போட்டார்கள். ஊருக்கு மேற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் என்றாலும் அந்தச் சத்தம் எந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை. பல்வலி மாதிரி ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டே இருந்தது. பகலில் ஐந்தடி இறக்கினால் மழை அரையடி ஏற்றிவிடும். குவாரித் தண்ணீர் தெருவோரச் சாக்கடையில் பச்சையாக ஓடியது. வெயிலே படாத தண்ணீரின் வாடை ஊர் முழுக்க அடித்தது.

ஒன்பதாம் நாள், வரப்போகும் திறப்பு விழாவுக்காக அவள் சங்கத்துச் சமையலறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம். ஒற்றைக்காது வந்து கதவருகில் நின்றார். முழங்கால் வரை சேறு. குவாரியிலிருந்து வருகிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒன்பது நாளும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாராம்.

"தங்கச்சி, கொஞ்சம் உக்காரு."

"உக்காந்தா என்னை எழுப்ப ரெண்டு பேர் வேணும். சொல்லுங்கண்ணே. டீ போடட்டுமா?"

"வேணாம்."

இதுவரை டீயை வேண்டாம் என்று சொன்ன ஆளில்லை அவர். அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்தாள்.

"நாளைக்குக் காலையில தண்ணி வத்திடும்" என்றார்.

"வத்தட்டுமே. அப்பதானே கல்லு வரும்."

"அடியில அவன் இருக்கான், தங்கச்சி."

அவள் முதலில் பாய்லரை அணைத்தாள். அது வெறுமனே கொதித்துக்கொண்டிருந்தது.

"எந்த அடியில?"

"அன்னைக்கு எனக்கு ராத்திரி டியூட்டி. விடிஞ்சதும் ஒரு சுத்து வந்தேன். மேட்டு விளிம்புல பூட்ஸ் இருந்துச்சு. ஜோடியா, வெளியப் பாத்து. சாக்ஸை மடிச்சு உள்ள வெச்சிருந்தான். குழியில படுக்கறப்ப நாங்க அப்படித்தான் வெப்போம். எழுந்தா உடனே மாட்டிக்கிட்டு ஓடணும்ல."

"ஓடலையா?"

"தண்ணியில ஒரு அசைவும் இல்ல. நான் இறங்கிப் பாத்தேன். நாப்பதடி ஆழம். எனக்கு நீச்சல் அவ்வளவா வராது."

வெளியே பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"ஊரைக் கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டா ஒம்பதும் முப்பத்தொண்ணும் மாதிரி ஆக்கியிருப்பாங்க. குவளையை எடுத்துடுவாங்க. பேரையே சொல்ல மாட்டாங்க. அவன் யாரு? என்னை முதுகுல தூக்கிட்டு வந்தவன். பூட்ஸை எடுத்து நானே தண்ணியில போட்டேன். தண்ணிக்குள்ளயே இருக்கட்டும், யாருக்கும் தெரிய வேணாம்னு."

"எனக்கும்?"

"ஒரு வாரம் கழிச்சு உன்கிட்ட சொல்லிடலாம்னுதான் இருந்தேன். சத்தியமா. அதுக்குள்ள முதல் ஞாயித்துக்கிழமை வந்துடுச்சு. செகரட்டரி பதினேழுன்னாரு. எல்லாரும் என்னையே பாத்தானுங்க. நீ அந்த ஜன்னல்ல நின்னுக்கிட்டிருந்த. இங்கதான்னு சொல்ல வாய் வரல. வருவான்னுட்டேன். உடனே உன் மொகத்துல ஒண்ணு வந்துச்சு பாரு. அதுக்கப்புறம் அடுத்த மாசம் எப்படி மாத்திச் சொல்றது? அதுக்கடுத்த மாசம்?"

"நூத்து முப்பத்திரண்டு தடவை."

"எண்ணினியா?"

"வேற என்ன வேலை எனக்கு?"

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவள் அலமாரியைப் பார்த்தாள். பதினேழு வாய் திறந்து நின்றது.

"அந்த டீ" என்றாள். "அதை யாரு குடிச்சா?"

"நான்தான்."

"நீங்க மூணு ஸ்பூன் சர்க்கரை போடற ஆளாச்சே."

"கஷ்டமாத்தான் இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. வந்தது சிரிப்பில்லை. கையிலிருந்த ஈரத்துணியால் அவர் முகத்தில் ஓங்கி அடித்தாள். இன்னொரு தடவை அடித்தாள். அவர் கையைக்கூட உயர்த்தவில்லை. மூன்றாவது தடவை கை ஏறவில்லை. அதே துணியால் அடுப்புமேடையைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தாள்.

அவர் போகத் திரும்பினார். செவிட்டுக் காது அவள் பக்கமாக வந்தது.

"இன்னும் ஒரு மாசம் சொல்லியிருக்கலாம்" என்றாள் அந்தக் காதிடம்.

அவர் சேற்றுத் தடம் பதித்துக்கொண்டே நடந்து போனார்.

*

மறுநாள் குவாரியின் அடித்தட்டில் பூட்ஸும் மற்றதும் கிடைத்தன. மற்றதைப் பார்க்க வேண்டாம் என்று மகள் அவளைப் பிடித்துக்கொண்டாள். பூட்ஸை மட்டும் காட்டினார்கள். இடது குதிகாலில் சைக்கிள் டயரை வெட்டி ஒட்டிய துண்டு அப்படியே இருந்தது. ஒட்டியது அவள்தான். "எங்க வீட்டுதுதான்" என்றாள். தாசில்தார் ஆபீசில் தொலைந்த பையை அடையாளம் காட்டுகிற குரலில் சொன்னதாக மகள் பிறகு அழுதுகொண்டே சொன்னாள்.

மூன்றாம் நாள் அவரை அடக்கம் செய்தார்கள். சங்கத்துக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள், சங்கத்துக் கொடி வரவில்லை.

அன்று சாயங்காலம் செயலாளர் வீட்டுக்கு வந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"கால் வழுக்கி விழுந்தாருன்னு எழுதிக்கலாம்னு நான்தான்மா சொன்னேன். போலீசுக்கும் அதுல ஆட்சேபணை இல்ல. அந்தச் செவிட்டு மனுஷன் விட்டாதானே. பூட்ஸு, சாக்ஸுன்னு எல்லாத்தையும் ஒண்ணுவிடாம கொட்டிட்டான். பதினோரு வருஷம் பொத்தி வெச்சவன், இன்னும் பத்து நிமிஷம் பொத்தக் கூடாதா?"

"அவருக்குப் பொய் தீர்ந்துபோச்சு" என்றாள்.

"சட்டத்தை நான் எழுதலம்மா. எங்கண்ணன் காலத்துல எழுதினது. அன்னைக்கு அப்படி எழுதலேன்னா பாதிப் பேர் அதே வழியில போயிருப்பானுங்க. பேரு இருக்காதுன்னு பயந்துதான் சில பேர் உசுரோட இருந்தாங்க. எனக்கே தெரியும், எந்த ராத்திரி எவன் பயந்தான்னு." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "என்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

மகள் சமையல்கட்டிலிருந்து கேட்டாள். "அப்ப கல்லுல?"

"பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல இடம் விட்டு கல்லு வெட்டறவன் அளவெடுத்துட்டான். இனிமே மாத்த முடியாது. மழமழன்னு அப்படியே விட்டுடுவோம்."

அவள் எழுந்து உப்பு டப்பாவைத் தூக்கி, நான்காக மடித்த தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். கையெழுத்துப் போட்டிருந்தது.

"இது இனிமே தேவைப்படாதும்மா" என்றார், மெதுவாக.

"தெரியும். உங்ககிட்டயே இருக்கட்டும். என் வீட்டுல இதுக்கு இடமில்ல."

*

திறப்பு விழாவன்று மழை விட்டிருந்தது. கடைத்தெரு முக்கில் கல் நின்றது. ஆளுயரம், நல்ல கறுப்பு. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளப்பு. அதில் எதிர்க்கடை விளக்கு தெரிந்தது. தெரியாதவர்கள் அதை அழகுக்கு விட்ட இடைவெளி என்று நினைப்பார்கள்.

அவள் வரக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. டீ போட வேறு ஆளும் இல்லை. மரத்தடியில் மேசை போட்டு, பாய்லரை வைத்து, குவளைகளை அடுக்கியிருந்தாள். பதினேழைக் காலையிலேயே யாரோ அலமாரியிலிருந்து எடுத்து ஒரு பழைய பேப்பரில் சுற்றிச் சமையலறை மேடைமேல் வைத்திருந்தார்கள். அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். மகள் பக்கத்தில் நின்று சர்க்கரை டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அவர்களுக்கு பஸ்.

நகராட்சித் தலைவர் துணியை இழுத்தார். கை தட்டினார்கள். ஒன்பது கிழவர்களும் வரிசையாக நிற்க, செயலாளர் பதிவேட்டைத் திறந்தார்.

எட்டுக்கு அப்புறம் பத்து. அது வழக்கம்தான்.

"பதினஞ்சு."

"இருக்கேன்."

"பதினாறு."

"இங்கதான்."

செயலாளர் பக்கத்தைத் திருப்பினார். திருப்ப வேண்டிய பக்கமே இல்லை அது.

"பதினெட்டு."

பதில் இல்லை. ஒற்றைக்காது நேராகக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது கேட்கவில்லையோ என்று பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்தார். அவர் அசையவில்லை.

"பதினெட்டு" என்றார் செயலாளர் உரக்க.

ஒன்றுமில்லை.

"பத்தொம்பது."

அதற்கும் ஒற்றைக்காதுதான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். நகராட்சித் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபது."

இருபது செயலாளரின் அண்ணன். செத்து பதினான்கு வருஷம். அத்தனை வருஷமும் ஒரு மாதம் தவறாமல் "இங்கதான்" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார். இன்றைக்கு அந்த எண் காற்றில் போய், திரும்பி வரவில்லை. செயலாளர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்த முகத்தை அவள் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

பாய்லர் முனகியது. பிறகு செயலாளர் ஒரு பக்கம் பின்னால் புரட்டினார்.

"பதினேழு" என்றார். முத்திரை மாதிரி விழவில்லை. கையிலிருந்து நழுவுகிற மாதிரி விழுந்தது.

அவளுக்கு உடம்பு முழுக்கக் காதாகிவிட்டது. என்ன வரும் என்று தெரியும். தெரிந்தும், ஒரு நிமிஷம், அந்தப் பழைய சொல் வந்துவிடாதா என்று இருந்தது. பொய் என்று தெரிந்துகொண்டே இன்னும் ஒரே ஒரு தடவை.

ஒற்றைக்காது தொண்டையைச் செருமினார்.

"இங்கதான்."

அவ்வளவுதான். அப்புறம் பதினெட்டு இருந்தார், பத்தொன்பதும் இருபதும் இருபத்தொன்றும் இங்கேதான் இருந்தார்கள். கல்லில் எதுவும் மாறவில்லை, மாறப்போவதும் இல்லை. அடுத்த மாதம் அந்த எண்ணைக் கூப்பிடுவார்களா என்று செயலாளருக்கே தெரிந்திருக்காது.

டீ வாங்க ஒற்றைக்காது கடைசியாக வந்தார். அவள் பதினெட்டில் ஊற்றி மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். அவர் முகத்தைப் பார்க்காமலேயே நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு கல்லுக்குப் போனார். அந்தப் பளபளப்புக்கு நேராக நின்று, குவளையை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தார், டீ ஆறும்வரை.

மறுநாள் காலை மருமகன் மூட்டைகளை வண்டியில் ஏற்றினான். மகள் வீடு முழுக்க ஒரு தடவை சுற்றிவந்து, மடிக்க எதுவும் மிச்சமில்லை என்று உறுதிசெய்துகொண்டாள்.

"போலாமாம்மா?"

"நீ போய் உக்காரு. வரேன்."

சாவி துருப்பிடித்திருந்தது. பூட்டுக்குள் போனது, திரும்ப மறுத்தது. சமையல் எண்ணெயைச் சொட்டு விட்டு, இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். உள்ளே ஏதோ நொறுங்குகிற சத்தத்தோடு தாழ் விழுந்தது. அவள் கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

பிறகு, வெளியிலிருந்தே, விரல் முட்டியால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினாள். காதைக் கொடுத்துக் கேட்டாள்.

தெருமுனையில் வண்டி ஹாரன் அடித்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். பைக்குள் குவளை சாவியில் மோதி, ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போட்டது.